கழுகுப் பிரபுவின் இரு மனைவியர்

அத்தியாயம் 9

பத்து வருஷம் நாகப்பட்டினத்தில் தபால்காரன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்த வேலம்மா, "புறப்பட்டு வருகிறேன்" என்று ஒரு கடிதத்தைப் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கப்பலேறி ரங்கூன் வந்து இறங்கியதும், ஜெட்டியில் அவளைக் கண்ட பொன்னுத்துரையின் முகம் வெளுத்து, அப்புறம் சிரித்ததும் வாசகர்களுக்கு மறந்திருக்காது.

அது நடந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. ஆற்றோரத்து அரிசி மில் ஆபீஸில் குமாஸ்தாவான பொன்னுத்துரை அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. முப்பத்தேழாம் தெருவில் மாடிக் குடித்தனம். வெள்ளிக்கு வெள்ளி பூ. மீன் வேண்டுமென்றால் மீன்.

ஆனால் வாரத்தில் இரண்டு நாள் "நாடக ஒத்திகை" என்று போய்விடுவான். திரும்பி வரும்போது அவன் சட்டையில் ஒரு வாசனை இருக்கும். சந்தனம் மாதிரி, ஆனால் சந்தனம் இல்லை. கேட்டால், "மேடையில் முகத்துக்குப் பூசுற பவுடர்" என்பான்.

சென்ற வாரம் பக்கத்துக் குடித்தனத்து ரத்தினம்மாள் பேச்சுவாக்கில், "கெமண்டைன் பக்கம் உங்க வீட்டுக்காரரை அடிக்கடி பார்க்கிறேனே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் அல்லவா? அந்த ஒரு வார்த்தை வேலம்மாவை ஏழு நாளாக உறங்கவிடவில்லை.

இன்று சனிக்கிழமை. நாடகம் அரங்கேறும் நாள்.

காலை எட்டு மணிக்குப் பொன்னுத்துரை கூடத்தில் நின்று, ஒரு பழைய பெட்ஷீட் மூட்டையைப் பிரித்து, அதிலிருந்த மேலங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"எப்படி இருக்கு?"

வேலம்மா கையில் காப்பி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள்.

தோளிலிருந்து முழங்கால்வரை இறகு. மயில் கழுத்து இறகு, கிளி இறகு, நீலமும் பச்சையும் சாயம் ஏற்றிய கோழி இறகு. வரிசை வரிசையாக, மீன் செதிலைப் போல ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவன் திரும்பும்போதெல்லாம் நிறம் மாறியது. முப்பத்தெட்டு வயதுக் குமாஸ்தா போய்விட்டான். வேறு யாரோ ஒரு மகாராஜா அவள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"ராஜா மாதிரி இருக்கீங்க."

"ராஜா இல்லடி. பிரபு."

இந்தப் பிரபுவின் கதையை அவன் ஒரு இங்கிலீஷ் சரித்திரப் புத்தகத்தில் படித்திருந்தான். இரண்டு மாதமாகச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியும் இருந்தான்.

நானூறு வருஷத்துக்கு முந்தி மெக்ஸிகோ என்று ஒரு தேசம். ஏரிக்கு நடுவே ஒரு நகரம். தெருவெல்லாம் வாய்க்கால், வாய்க்காலெல்லாம் படகு. அங்கே ஆஸ்தெக் என்ற குலத்தார் ஆண்டார்கள். அந்தக் குலத்தில் பிறந்த ஒரு பிரபு, குவாத்லி. அவர்கள் பாஷையில் கழுகு என்று அர்த்தம். சண்டையில் கைதிகளைப் பிடித்து வந்து கழுகு வீரன் என்று பட்டம் வாங்கியவன். பச்சைக் கல் மாலை, இறகு மேலங்கி, நாற்பது வேலையாள், இரண்டு மனைவிமார். மூத்தவளுக்குப் பிறந்த பிள்ளை தங்கவில்லை. இளையவளுக்கு ஒரு மகன்.

அப்புறம் கடல் தாண்டி ஸ்பானியர் வந்தார்கள். குதிரையும் பீரங்கியும் வந்தன. கூடவே அம்மை நோயும் வந்தது. நகரம் விழுந்தது. குவாத்லியின் தகப்பன் அம்மையில் போனான், தம்பிமார் சண்டையில் போனார்கள். குவாத்லி மட்டும் மிஞ்சினான். நிலமும் பட்டமும் மிஞ்ச வேண்டுமானால் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று ஸ்பானியப் பாதிரியார் சொன்னார். ஞானஸ்நானம் பெற வேண்டுமானால் ஒரே ஒரு மனைவிதான் இருக்கலாம். மற்றவளும் அவள் பிள்ளையும் வீட்டை விட்டுப் போக வேண்டும்.

"அவரு யாரை வச்சுக்கிட்டாரு?" என்று வேலம்மா அப்போதே கேட்டிருக்கிறாள்.

"புஸ்தகத்துல அது இல்ல. ஒருத்தியை வச்சுக்கிட்டான்னு மட்டும் போட்டிருக்கு. அதை நான்தான் எழுதணும்."

இன்று காலை, எழுதியதை அவளுக்கு நடித்தே காட்டினான். இறகு மேலங்கியை ஒரு வீச்சு வீசி, இடது கையை நீட்டி, அவளையே பார்த்து வசனம் பேசினான்.

"கேளும் பாதிரியாரே! என் மேலாடையின் முனையும் இவள் மேலாடையின் முனையும் சேர்த்து முடிந்து, குலத்தார் முன்னிலையில் நான் கைப்பிடித்தவள் இவள். அந்த முடிச்சு என் உயிர் உள்ளவரை அவிழாது. மூத்தவளே என் மனைவி! இளையவளுக்கு வேண்டிய நிலத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்!"

வேலம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். ஏழு நாளாக மனத்தில் அரித்துக்கொண்டிருந்த கெமண்டைன் கொஞ்சம் பின்வாங்கியது.

"நானும் வரேனே, பார்க்க."

"இன்னிக்கா?" அவன் அவசரமாக மேலங்கியைக் கழற்றினான். "முதல் ஆட்டம். துறைமுகத்து ஆளுக எல்லாம் குடிச்சுட்டு வந்து கத்துவானுக. அடுத்த சனிக்கிழமை ரெண்டாம் ஆட்டத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன். முன்வரிசையிலயே உக்கார வைக்கிறேன், பாரு."

"அழகா தச்சிருக்கு. யாரு தச்சது?"

"நம்ம ஜாபர் பாய்தான். வேற யாரு இருக்கா?" அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். "டிராம் நெரிசல்ல இதைக் கொண்டுபோனா நசுங்கிடும். மூணு மணிக்குப் பாய் கடையில குடுத்துடு. அவர் கொட்டகைக்கு எடுத்துட்டு வந்துடுவார்."

அவன் படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும், வேலம்மா மேலங்கியை மடிக்க எடுத்தாள். உள்பக்கத் துணியை முகத்தருகே கொண்டுபோனாள்.

அதே வாசனை. சந்தனம் மாதிரி, சந்தனம் இல்லாத வாசனை.

ஜாபர் பாயின் தையல் கடை தெருமுனையிலேயே இருந்தது. வேலம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

"இறகு மேலங்கி ரொம்ப நல்லா வந்திருக்கு பாய். உங்க கைவேலைன்னு சொன்னாங்க."

ஜாபர் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அல்லா! எனக்கு ஏம்மா அந்தக் கை? பாதிரி அங்கி நான் தச்சது. சோல்ஜர் நிஜார் எட்டும் நான் தச்சது. இறகு வேலை கெமண்டைன் மா சேன் பண்ணினது. பர்மாக்காரங்க புவே ஆட்டத்துக்கெல்லாம் உடுப்பு அந்தப் பொம்பளைதான் தைக்கும். டிராமை விட்டு இறங்கினா புத்த பிக்குங்க இருக்கிற பொங்கி மடம். அதுக்குப் பின்னால ரெண்டாவது வீடு. உங்க வீட்டுக்காரர்தானே ஏற்பாடு பண்ணினார்? சொல்லலையா உங்ககிட்ட?"

"சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்" என்றாள் வேலம்மா.

மாடிக்கு வந்தாள். கதவைத் தாழிட்டாள். மேலங்கியைத் தரையில் விரித்து அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

எத்தனை இறகு! ஆயிரம் இருக்குமா? ஒவ்வொன்றின் அடியிலும் பச்சைப் பட்டு நூலால் ஒரு சின்ன முடிச்சு. கூலிக்குத் தைக்கிறவள் இப்படி முடிச்சுப் போடுவாளா? நூறு முடிச்சு போட்டதும் கை சலித்து, மீதியைக் கோந்து போட்டு ஒட்டிவிட மாட்டாளா? இவள் ஒன்றுகூட ஒட்டவில்லை. இரவும் பகலும் உட்கார்ந்து, அவன் தோளுக்கு, அவன் முதுகுக்கு, அளவு எடுத்துப் போட்டிருக்கிறாள். எத்தனை தடவை போர்த்திப் பார்த்தாளோ! எத்தனை தடவை "திரும்புங்க, இப்படித் திரும்புங்க" என்று சொல்லி அவனைத் திருப்பினாளோ!

வேலம்மாவின் கை தானாக நீண்டது. தோள் பக்கத்தில் ஒரு பிடி இறகைப் பற்றி இழுத்தது. நூல் படபடவென்று அறுந்தது. இன்னொரு பிடி.

கை நின்றபோது, தோளில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் துணி தெரிந்தது.

மூன்று மணிக்கு இதைக் கொடுத்தாக வேண்டும். அவன் கேட்பான். என்ன சொல்வது?

சிதறிய இறகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டாள். பொறுக்கிக்கொண்டே இருக்கும்போது அவளுக்குப் புலப்பட்டது: கெமண்டைனுக்குப் போக இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதற்காகவேதான் பிடுங்கினாளோ என்னவோ, அவளுக்கே தெரியவில்லை.

பொங்கி மடத்துக்குப் பின்னால் இரண்டாவது வீடு. மரக்கால்மேல் நின்ற பலகை வீடு. வாசலில் கயிறு கட்டி, சிவப்பும் மஞ்சளுமாகப் புவே நடனக்காரிகளின் பளபளப்புச் சட்டைகளைக் காயப்போட்டிருந்தார்கள்.

மா சேன் கோரைப்பாய் மேல் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். வேலம்மா வழியெல்லாம் ஒரு மோகினியைக் கற்பனை செய்துகொண்டு வந்திருந்தாள். இவள் குட்டை. முன்பல் ஒன்று லேசாகத் தூக்கியிருந்தது. கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்து வட்டமாகப் பூசியிருந்தாள். அந்த வாசனை வீடு முழுக்க இருந்தது.

அழகியாக இருந்திருந்தால் வேலம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். மயக்கிவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த முகத்துக்காகவா பத்து வருஷம்?

"ஜாபர் பாய் கடையிலேர்ந்து வரேன்" என்றாள். "தோள்ல கொஞ்சம் இறகு விழுந்துடுச்சு. மூணு மணிக்குள்ள வேணும்."

"வாங்க அக்கா, உக்காருங்க." மா சேனின் தமிழில் எழுத்துகள் வழுக்கின. "உங்க பேரு?"

"ரத்தினம்மா." பக்கத்து வீட்டுக்காரியின் பெயர்தான் வாயில் வந்தது.

மா சேன் மேலங்கியை மடியில் போட்டுத் தோளைத் தடவிப் பார்த்தாள். அவள் விரல் நின்றது.

"இது தானா விழல அக்கா. யாரோ புடுங்கியிருக்காங்க."

"எலி கடிச்சிருக்கும்."

"எலி கடிச்சா நூல் இப்படி இருக்காது. இது கை." அவள் அண்ணாந்து பார்த்தாள். வேலம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஆனால் மா சேன் உதட்டைப் பிதுக்கிச் சிரித்தாள். "புவே ஆளுங்ககிட்டயும் இப்படித்தான். ஒருத்தருக்கு நல்ல உடுப்பு குடுத்தா இன்னொருத்தருக்குப் பொறாமை. யாரோ கோ பொன்னு வேஷத்தைப் பாத்து வயிறு எரிஞ்சிருக்காங்க."

கோ பொன்னு! பொன்னுத்துரையை இவள் கூப்பிடும் பெயர் அது. வேலம்மா அந்தப் பெயரை உள்ளுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கசந்தது.

மா சேனின் ஊசி ஓட ஆரம்பித்தது. ஒரு இறகு, ஒரு முடிச்சு. இன்னொரு இறகு, இன்னொரு முடிச்சு.

"கோ பொன்னு உங்க..." வேலம்மா இழுத்தாள்.

"வீட்டுக்காரரு. எட்டு வருஷம் ஆச்சு." அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். "ஊர்ல மூத்தவங்க இருக்காங்க. பாவம், நோயாளி. கப்பல் ஏற முடியாதாம். கோ பொன்னு மாசாமாசம் மருந்துக்கு அனுப்புறாரு."

வேலம்மா தன் இரண்டு கையையும் மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் நோயாளி. நான் கப்பல் ஏற முடியாதவள். நான்கு மாதமாக அவனுக்குச் சோறு வடித்துப் போடுகிறவள் நாகப்பட்டினத்தில் பாயில் கிடக்கிறாள்!

"நீலா!" என்று உள்ளே பார்த்து மா சேன் கூப்பிட்டாள். "தண்ணி கொண்டா."

வேலம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஏழு வயதுப் பெண் ஒருத்தி பித்தளைச் செம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். தாயின் கண். ஆனால் அந்த அகன்ற நெற்றியும், ஒரு பக்கமாகத் தலை சாய்த்துப் பார்க்கும் பார்வையும் பொன்னுத்துரைதான்.

"என்ன பேரு சொன்னீங்க?"

"நீலா. முழுப் பேரு நீலாம்பாள். அவரு வச்சது. எங்க பாஷையிலயும் நிலான்னு பேரு இருக்கு அக்கா, நீலக் கல்லு. அதனால எனக்கும் புடிச்சுது."

வேலம்மா செம்பை வாங்கினாள். குடிக்காமல் கீழே வைத்தாள்.

நீலாம்பாள். அவள் பெற்ற ஒரே பெண். மூன்று வயதில் அம்மை வார்த்துப் போய்விட்டது. அப்போது பொன்னுத்துரை ரங்கூனில் இருந்தான். கடிதம் போய்ச் சேர்ந்து, பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. "அவள் பெயரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தான். அந்த வரியை வேலம்மா எத்தனை ராத்திரி கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறாள்!

மறக்கத்தான் இல்லை. எடுத்து இங்கே கொடுத்துவிட்டான்.

புருஷனைப் பங்கு போட்டதைவிட இது வலித்தது. அந்தக் குழந்தை மேல் அவளுக்குக் கோபம் வந்தது. உயிரோடு இருக்கிறதே என்று ஒரு கோபம். அப்படி நினைத்தோமே என்று உடனே தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

"அத்தை, இறகு வேணுமா உங்களுக்கு?" குழந்தை ஒரு நீல இறகை நீட்டியது. தமிழ் சுத்தமாக வந்தது. "மிச்சம் வச்சிருக்கேன்."

"வேணாம்மா."

தோள் பகுதி ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிட்டது. பிடுங்கிய இடமே தெரியவில்லை. கூலி எவ்வளவு என்று வேலம்மா கேட்டதற்கு மா சேன் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக, தட்டியில் செருகியிருந்த சீட்டை எடுத்தாள்.

"அக்கா, நீங்க நாடகம் பாக்க வரீங்களா? எனக்கும் என் அண்ணிக்கும் கோ பொன்னு சீட்டு குடுத்தாரு. அண்ணிக்குக் காய்ச்சல். எனக்குக் கடைத் தமிழ், வீட்டுத் தமிழ் தெரியும். மேடையில பேசுறது ஒண்ணும் புரியாது. நீங்க பக்கத்துல உக்காந்து சொன்னா நல்லா இருக்கும்."

"கதை தெரியுமா உங்களுக்கு?"

"பாதி தெரியும். பாதிரியார் ஒருத்தியைத்தான் வச்சுக்கணும்னு சொல்வாராம். யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாரு. வந்து பாரு, வந்து பாருன்றாரு." மா சேன் வெட்கப்பட்டுக்கொண்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

வேலம்மாவின் மனத்தில் காலையில் கேட்ட வசனம் ஓடியது. மூத்தவளே என் மனைவி! இளையவளை அனுப்பிவிடுகிறேன்!

அதை இவள் கேட்க வேண்டும். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும் கொட்டகையில், அவன் வாயாலேயே கேட்க வேண்டும். புரியாத வார்த்தையையெல்லாம் தானே ஒவ்வொன்றாகப் புரிய வைக்க வேண்டும். அப்போது இந்த முகம் என்ன ஆகிறது என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

"வரேன்" என்றாள் வேலம்மா. "கட்டாயம் வரேன்."

மூன்று மணிக்கு மேலங்கி ஜாபர் பாய் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. மாலை ஆறு மணிக்குத் திரை தூக்கினார்கள். கொட்டகையில் எள் போட இடமில்லை. பெண்கள் பக்கத்தை ஒரு மூங்கில் தட்டி பிரித்திருந்தது. மா சேன் முன்னாலேயே வந்து மூன்றாவது வரிசையில் இடம் பிடித்திருந்தாள். கொண்டையில் வெள்ளைப் பூ. வேலம்மா பக்கத்தில் உட்கார்ந்ததும், நீலா கேட்காமலே அவள் மடியில் ஏறிக்கொண்டாள். முன்னால் உட்கார்ந்திருந்தவளின் கொண்டை மறைத்ததாம்.

குழந்தையின் கனம் தொடையில் அழுந்தியது. வேலம்மா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்து, கடைசியில் அதன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

நாடகம் நன்றாகவே நடந்தது. ஏரி நகரத்துக்கு நீலச் சேலையை விரித்துத் தண்ணீர் காட்டினார்கள். குவாத்லி பிரபு இறகு மேலங்கியோடு வந்ததும் கொட்டகை ஒரு கணம் வாயடைத்துப்போய், பிறகு சீட்டி அடித்தது. மா சேனின் கண் பளபளத்தது. "என் வேலை!" என்று வேலம்மாவின் காதில் சொன்னாள். வேலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தாள்.

பீரங்கிக்குத் தகர டப்பா வெடித்தது. நகரம் விழுந்தது. அம்மையில் கிடந்த தகப்பனின் தலைமாட்டில் குவாத்லி அழுதபோது பெண்கள் பக்கத்தில் பலர் மூக்கை உறிஞ்சினார்கள். வேலம்மா ஒவ்வொன்றையும் மா சேனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் ஏறியது. இதோ, இன்னும் இரண்டு காட்சி. இதோ, இன்னும் ஒன்று.

பாதிரியார் வந்தார். அந்த வேஷம் இனாயத்துல்லாவுக்கு. ஆறடி உயரம், வெண்கலக் குரல். சிலுவையை உயர்த்திப் பிடித்து முழங்கினார்.

"குவாத்லி! தேவ சந்நிதியில் ஒருவனுக்கு ஒருத்தி. இவ்விருவரில் உன் மனைவி எவள்? மற்றவளும் அவள் சந்ததியும் இந்த இல்லத்தை விட்டு நீங்கட்டும். சொல்!"

இரண்டு பெண் வேஷக்காரர்களும் இடமும் வலமுமாக மண்டியிட்டார்கள். இளையவளின் பக்கத்தில் ஒரு பொம்மைப் பிள்ளை துணியில் சுற்றிக் கிடந்தது.

வேலம்மா மேடையைப் பார்க்கவில்லை. மா சேனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேளும் பாதிரியாரே!" பொன்னுத்துரையின் குரல் எழுந்தது. "குலத்தார் முன்னிலையில் ஆடையோடு ஆடை முடிந்தேன். மூத்தவளைக் கைப்பிடித்தேன். மறுக்கவில்லை. ஆனால் ஆடையில் இட்ட முடிச்சு அவிழும். வம்சத்தில் இட்ட முடிச்சு அவிழுமா? எவள் வயிற்றில் என் குலம் தழைத்ததோ, அவளே என் மனைவி! என் பிள்ளையின் பெயரை உமது புத்தகத்தில் எழுதும். மூத்தவளுக்கு வேண்டிய நிலத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்!"

கொட்டகை இடிந்து விழுவதுபோல் கைதட்டியது.

வேலம்மாவின் காது அடைத்துப்போயிற்று. தப்பாகக் கேட்டோமோ என்று மேடையைப் பார்த்தாள். மூத்தவள் வேஷக்காரன் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, விசும்பியபடி, வலது பக்கத் தட்டிக்குள் மறைந்துகொண்டிருந்தான். இளையவளின் தலையில் குவாத்லி கை வைத்திருந்தான்.

வீட்டுக்கு ஒரு வசனம். மேடைக்கு ஒரு வசனம்.

அடுத்த சனிக்கிழமை தன்னை முன்வரிசையில் உட்கார வைத்திருப்பான். அன்றைக்கு அவிழாத முடிச்சு வந்திருக்கும். இளையவள் போயிருப்பாள். அன்றைக்கும் இதே கைதட்டல் இருந்திருக்கும். இவன் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்கு ஏற்றதைப் பேசுகிறான்.

இப்படியெல்லாம் தெளிவாக யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை. மா சேன் அவள் கையைப் பிடித்து ஆட்டினாள்.

"அக்கா, என்ன சொன்னாரு? சீக்கிரம் சொல்லுங்க. யாரை வச்சுக்கிட்டாரு?"

முகம் முழுக்க ஆவல். முன்பல் தெரிந்தது. கொண்டைப் பூ ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"மூத்தவளை" என்றாள் வேலம்மா.

"மூத்தவங்களையா?"

"ஆமா. மூத்தவதான் மனைவின்னுட்டாரு. இளையவளை நிலம் குடுத்து அனுப்பிட்டாரு. அதுக்குத்தான் கைதட்டுறாங்க."

மா சேன் தலையைக் குனிந்துகொண்டாள். கையிலிருந்த கைக்குட்டையை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள்.

"சரிதான்" என்றாள் கடைசியில். "அவங்கதானே முதல்ல வந்தவங்க. நியாயம் அதுதான்."

மத்தியானத்திலிருந்து வேலம்மா ஏங்கியிருந்த காட்சி இதுதான். கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. வாயில் போட்ட வெல்லம் மாதிரி ஒரு நொடி இனித்தது. அந்த ஒரு நொடிதான்.

"இல்ல, அமே!" மடியில் இருந்த நீலா தாயின் பக்கம் திரும்பினாள். "அப்பா அப்படிச் சொல்லல. குழந்தை இருக்கிற சின்னவங்கதான் மனைவின்னு சொன்னாரு. பெரியவங்கதான் அழுதுட்டுப் போனாங்க. அதோ பாரு, சின்னவங்க மேடையிலயே இருக்காங்க. அத்தைக்குச் சரியாக் கேக்கல."

மா சேன் மேடையைப் பார்த்தாள். இளையவள் அங்கேதான் இருந்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு.

பிறகு அவள் வேலம்மாவைப் பார்த்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள். மூக்குத்தியை, கழுத்தில் கிடந்த தாலிக்கொடியை, குழந்தையின் இடுப்பைச் சுற்றியிருந்த விரல்களை.

"அந்த இறகு எலி கடிச்சதில்ல" என்றாள்.

வேலம்மா மேடைப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க யாரு அக்கா?"

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. எழுந்து போய்விடவும் வழி இருந்தது. ஆனால் நான்கு மாதமாக ரங்கூனில் இருந்தும் இல்லாதவளாக இருந்தது அவளுக்குப் போதும் என்று ஆகிவிட்டது.

"வேலம்மா."

"நாகப்பட்டினத்து..."

"ஆமா."

"கப்பல் ஏற முடியாதுன்னு..."

"ஏறிட்டேன். நாலு மாசம் ஆச்சு. முப்பத்தேழாம் தெருவுல இருக்கேன்." வேலம்மா நீலாவைப் பார்த்தாள். "உங்க பொண்ணுக்கு வச்சிருக்கிற பேரு செத்துப்போன என் பொண்ணோட பேரு."

மா சேனின் கை நீண்டது. அடிக்கத்தான் போகிறாள் என்று வேலம்மா நினைத்தாள். அவள் அடிக்கவில்லை. நீலாவின் அக்குளில் கை கொடுத்து, வேலம்மாவின் மடியிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். வேலம்மாவின் தொடை மேல் சட்டென்று குளிர்ந்தது.

"எனக்கு அது தெரியாது" என்றாள் மா சேன். "சத்தியமா தெரியாது." அவள் நீலாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நாடகம் முடியட்டும். வாசல்ல நிப்போம். ரெண்டு பேருமே நிப்போம். அவரு வரட்டும்."

மேடையில் ஞானஸ்நானம் தொடங்கியிருந்தது. குவாத்லி முழந்தாளிட்டிருந்தான். இனாயத்துல்லா அவன் தலையில் செம்புத் தண்ணீரை ஊற்றி, "இன்று முதல் உன் பெயர் தியேகோ!" என்று முழங்கினார். பிரபு எழுந்து, இரண்டு கையையும் விரித்து, ஜனங்களைப் பார்த்துத் தன் புது வாழ்வைப் பற்றி நீளமாகப் பேச வேண்டிய இடம் அது. வெள்ளிக் காகிதம் ஒட்டிய பெட்ரோமாக்ஸ் விளக்கு இரண்டை மேடைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள்.

"அப்பா!"

நீலா பெஞ்சு மேல் ஏறி நின்று கையை ஆட்டினாள். கொட்டகையில் சிரிப்பு எழுந்தது.

பொன்னுத்துரை அந்தப் பக்கம் பார்த்தான். பெருமையாகச் சிரிக்கப் போனான். குழந்தையைப் பார்த்தான், மா சேனைப் பார்த்தான். அவன் பார்வை இன்னும் ஒரு முழம் நகர்ந்தது.

விரித்த கை விரித்தபடியே நின்றது.

திரைக்குப் பின்னாலிருந்து யாரோ அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தார்கள். மூன்றாவது வரிசைக்கே கேட்டது. மறுபடியும், இன்னும் உரக்க எடுத்துக்கொடுத்தார்கள். இனாயத்துல்லா சிலுவையைத் தாழ்த்திவிட்டு, "பேசுய்யா" என்று பல்லிடுக்கில் சொன்னார்.

கழுகுப் பிரபு வாயைத் திறந்தான். இரண்டு பெண்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்ல அவனிடம் ஒரு வசனமும் இருக்கவில்லை.